மூன்று தலைமுறைத் தாள்: குடும்பத்தில் தொடரும் குடிநோயையும் மனநோயையும் எழுதிவைப்பதற்கு ஒரு வழிகாட்டி

மனநல மருத்துவரிடம் முதன்முறையாகச் செல்பவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?" என்பது. சென்னையில் இதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்படி யாரும் இல்லைங்க, டாக்டர்." பதில் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது சொல்லப்பட்ட செய்தி வேறொரு நோயின் பெயரில், வேறொரு விபத்தின் பெயரில் சொல்லப்பட்டிருக்கும். தம் குடும்பத்தில் குடிநோயோ மனநோயோ தலைமுறை தாண்டித் தொடர்கிறதோ என்று ஐயுறும் ஒருவர், அந்த வரலாற்றை ஒரே தாளில் எப்படித் திரட்டலாம், திரட்டியதை இந்த நகரில் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வீட்டில் ஒருவர் இப்போதே சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அல்லது யாருக்கும் கேட்காத குரல்கள் தமக்குக் கேட்பதாகச் சொல்லி உறங்காமல் இருந்தால், தாளையும் பேனாவையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416 இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் செயல்படும் சினேகாவின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108. வரலாறு எழுதும் வேலை ஒரு மாதம் காத்திருக்கலாம்.

எது தொடர்கிறது, எவ்வளவு தொடர்கிறது

தாளைத் தொடங்குபவர்கள் பலர் ஒரு பயத்தோடுதான் தொடங்குகிறார்கள்: அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்தே தீருமோ என்பது அந்தப் பயம். ஆகவே சில எண்களை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் பொதுமக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்த ஒருவருக்கோ அந்நோய் இருந்தால் அது ஏறத்தாழ நூற்றில் பத்துப் பேராக உயர்கிறது. பத்து மடங்கு என்று கேட்கும்போது அச்சமாக இருக்கும். ஆனால் அதே எண், மீதித் தொண்ணூறு பேருக்கு வராது என்றும் சொல்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கும்போதுகூட, மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவான நேர்வுகளில்தான். மனச்சோர்வு நோய் நெருங்கிய இரத்த உறவில் இருந்தால், நமக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. குடிநோயைப் பொறுத்தவரை, ஒருவர் அதற்கு ஆளாகும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுவால் விளக்கப்படுகிறது என்பது இரட்டையர் ஆய்வுகளின் பொதுவான முடிவு. டென்மார்க்கில் 1973இல் வெளியான தத்துப் பிள்ளைகள் பற்றிய ஆய்வொன்று, குடிநோயாளிகளின் மகன்கள் பிறந்த சில வாரங்களில் வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டபோதும், குடிநோய்க்கு ஆளாவது ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்று கண்டது.

எனவே "வளர்ப்பு சரியில்லை" என்று தாயைக் குற்றம் சொல்வதும் தவறு, "ரத்தத்திலேயே ஊறியது" என்று கைவிடுவதும் தவறு. பிறப்போடு வருவது ஒரு சாய்வு. அந்தச் சாய்வின் மேல் வீட்டின் பழக்கங்கள் வேலை செய்கின்றன: யார் மறைக்கிறார்கள், யார் கடனை அடைக்கிறார்கள், எந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் எழுந்து போகிறார்கள் என்பவையும் தலைமுறைகளாகக் கைமாறுகின்றன. சாய்வை நாம் மாற்ற முடியாது, பழக்கங்களை மாற்றலாம். ஆகையால் தாளில் இரண்டுமே இடம்பெற வேண்டும்.

முதல் படி: தாளை வரைதல்

பெரிய வரைபடத் தாள் ஒன்றும் இரண்டு நிறப் பேனாக்களும் போதும். மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் குறிகளையே நாமும் பயன்படுத்தலாம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு அதன் மேல் ஒரு பெருக்கல் குறி. கணவன் மனைவியை ஒரு கிடைக்கோடு இணைக்கும். அதிலிருந்து பிள்ளைகள் மூத்தவர் இடப்பக்கமாக வரிசையாக இறங்குவார்கள். உங்கள் தலைமுறை கீழே, பெற்றோர் நடுவில், பாட்டி தாத்தாக்கள் மேலே. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் நான்காம் வரிசை ஒன்றைக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறிப் போக வேண்டாம், செய்தி நம்பத்தகாததாகிவிடும்.

நம் குடும்பங்களை வரையும்போது இரண்டு சிக்கல்கள் உடனே எழும். ஒன்று, சொந்தத்தில் திருமணம். அத்தை மகனையோ தாய்மாமனையோ மணந்தவர்கள் இருந்தால் அந்த இணைப்பை இரட்டைக் கோடாகப் போடுவது வழக்கம். ஏனெனில் அங்கே ஒரே தாத்தா இரண்டு பக்கமும் நிற்கிறார், அவருடைய நோயும் இரண்டு வழியில் கீழே வருகிறது. மருத்துவர் அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். மற்றொன்று, நம் உறவுமுறைச் சொற்கள். அப்பாவின் உடன்பிறந்த தம்பியும் சித்தப்பா, அவருடைய பெரியப்பா மகனும் சித்தப்பா, பக்கத்துப் போர்ஷனில் முப்பது ஆண்டு குடியிருந்தவரும் சித்தப்பா. "ராயபுரம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் அப்படி இருந்தது" என்று ஒருவர் சொன்னால், "கூடப் பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா?" என்று கேட்காமல் அவரைத் தாளில் ஏற்றக் கூடாது. குழந்தையில் இறந்தவர்களையும், வீட்டை விட்டுப் போய்த் திரும்பாதவர்களையும் விட்டுவிடாமல் ஒரு காலிச் சதுரமாகவாவது போட்டுவையுங்கள்.

இரண்டாம் படி: யாரிடம், எப்படிக் கேட்பது

குடும்பத்தில் எல்லாச் செய்தியும் அறிந்தவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார்: மூத்த அத்தை, பெரியம்மா, அல்லது மருமகளாக வந்து மாமியாரோடு நாற்பது ஆண்டு ஒரே அடுப்பில் சமைத்த ஒருவர். வெளியிலிருந்து வந்த மருமகள்கள் மிகச் சிறந்த சாட்சிகள் என்பது என் கருத்து. அந்த வீட்டின் மானத்தைக் காக்கும் கடமை அவர்கள் தலையில் ஏற்றப்பட்டது உண்மைதான், ஆனால் அந்த வீட்டின் கதைகளை நம்பி வளர்ந்தவர்கள் அல்லர்.

கேட்பதற்குக் கல்யாண வீடும் காரியம் நடக்கும் வீடும் ஏற்றவை அல்ல. கூட்டத்தில் ஒருவர் சொல்லத் தொடங்கினால் மூவர் கண்ணைக் காட்டி நிறுத்துவார்கள். பகல் உணவுக்குப் பின் ஒருவரிடம் மட்டும், பழைய ஆல்பம் ஒன்றை வைத்துக்கொண்டு கேளுங்கள். "நம் குடும்பத்தில் யாருக்குப் பைத்தியம்?" என்று தொடங்கினால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. "எனக்குத் தூக்கம் வரவில்லை, டாக்டர் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டு வரச் சொன்னார், நீங்கள்தான் அத்தை சொல்ல வேண்டும்" என்று உங்கள் தேவையிலிருந்து தொடங்கினால், அதே மனிதர் இரண்டு மணி நேரம் பேசுவார்.

ஆண்டுகளைக் கேட்டால் முதியவர்களுக்கு நினைவுக்கு வராது. அண்ணா இறந்தபோது, அதாவது 1969இல், தாத்தா வேலையில் இருந்தாரா? இந்திரா காந்தி சுடப்பட்ட 1984இல் சித்தி பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாரா? எம்ஜிஆர் இறந்த 1987 டிசம்பரில் மாமாவின் நிலை என்ன? சுனாமி வந்த 2004இலும் வெள்ளம் வந்த 2015இலும் யார் யார் எங்கே இருந்தார்கள்? இப்படிக் கேட்டால் ஓரிரு ஆண்டுப் பிழைக்குள் எல்லாம் வந்து நிற்கும். நோய் எந்த வயதில் தொடங்கியது என்பதை அறியவே இந்த முயற்சி. இருபது வயதில் தொடங்கிய குழப்பமும் எழுபது வயதில் தொடங்கிய குழப்பமும் மருத்துவருக்கு இரு வேறு செய்திகள். இரண்டாவது மறதி நோயாகவும் இருக்கலாம்.

மூன்றாம் படி: மறைவான சொற்களைப் பிரித்துப் படித்தல்

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான், பொறுமையைச் செலவிட வேண்டியதும் இங்கேதான். "அவருக்கு மனநோய் இருந்தது" என்றோ "அவர் குடிநோயாளி" என்றோ நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகச் சில வாசகங்கள் இருக்கின்றன. அவை எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் நின்று இரண்டாம் கேள்வி கேட்க வேண்டும்.

"மஞ்சள் காமாலை வந்து நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார்." காமாலைக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அதோடு வயிறு வீங்கியிருந்தது, இரத்த வாந்தி எடுத்தார் என்ற இரண்டும் சேர்ந்துவந்தால், கல்லீரல் சுருங்கிய நிலையை அது காட்டுகிறது; அதற்குக் குடி ஒரு முதன்மையான காரணம். "ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் வலிப்பு வந்தது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னார்" என்பது குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்த விலகல் நிலையாக இருக்கக்கூடும். காலை எடுப்பதற்காகவோ குடலிறக்கத்திற்காகவோ அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட தாத்தாவைப் பற்றி இப்படி ஒரு நினைவு இருந்தால், அவர் அன்றாடம் குடித்தவராக இருந்திருக்கலாம்.

"நரம்புத் தளர்ச்சி" என்ற சொல் மனச்சோர்விலிருந்து பதற்ற நோய் வரை எல்லாவற்றையும் மூடும் ஒரு போர்வை. "பிரசவத்தில் ஜன்னி கண்டது" என்பது உண்மையான காய்ச்சலாகவும் இருக்கலாம், பிரசவத்திற்குப் பின் வரும் கடுமையான மனநோயாகவும் இருக்கலாம். பிள்ளையைத் தூக்க மறுத்தாரா, தன்னந்தனியே பேசினாரா, அடுத்த பிரசவத்திலும் வந்ததா என்று கேளுங்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும் அந்நோய், மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ள குடும்பங்களில் அதைவிட அதிகமாக வருகிறது. உங்கள் வீட்டில் கருவுற்ற பெண் ஒருவர் இருந்தால் அவருடைய மகப்பேறு மருத்துவருக்கு இந்த ஒரு வரி மிகவும் பயன்படும்.

"குணசீலத்தில் ஒரு மண்டலம் வைத்திருந்தோம்", "சோளிங்கருக்குக் கூட்டிப் போனோம்", "ஏர்வாடியில் விட்டிருந்தோம்" என்பவை இடப்பெயர்கள் வழியாகச் சொல்லப்படும் நோய்க்குறிப்புகள்; மனநோய் தீரும் என்று நம்பி அழைத்துச் செல்லும் கோயில், தர்கா ஊர்கள் இவை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகு அந்த ஊரின் பெயரைச் சொல்லவே சில குடும்பங்கள் கூசுகின்றன. அங்கே கொண்டுபோய் விட்டவர்களைப் பழிக்காமல் கேளுங்கள். வேறு வழி தெரியாத காலம் அது.

மிகக் கவனமாகக் கையாள வேண்டியவை சாவுகள். "தீராத வயிற்று வலியால்", "கிணற்றில் தவறி விழுந்து", "ஸ்டவ் வெடித்து" என்று சொல்லப்படும் சாவுகளில் சில உண்மையிலேயே அப்படி நடந்தவை, சில தற்கொலைகள், கடைசி வாசகத்தில் கொலையும் அடங்கும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய காலத்தில், காவல் நிலையத்துக்கும் ஊருக்கும் அஞ்சி இந்த வாசகங்கள் உருவாயின. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தபின், முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது சட்டத்தின் நிலை. சொல்பவர் அழத் தொடங்கினால் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுங்கள். ஐயமானதை ஐயமாகவே, ஒரு கேள்விக்குறியோடு எழுதினால் போதும். மருத்துவருக்கு அதுவே உதவும்.

இன்னொரு கண்ணி, "எங்கள் தாத்தா ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை" என்பது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுமுன் அவர் எந்த ஆண்டுகளில் வாழ்ந்தார் என்று பாருங்கள். மதுவிலக்கு 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி தளர்ந்தது. சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது 2003இல். ஆக, 1925இல் பிறந்த ஒருவரின் இளமையும் நடுவயதும் பெரும்பாலும் கடையில் மது கிடைக்காத காலத்திலேயே கழிந்தன. அவர் குடிக்காதது அவருடைய உடல்வாகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வடசென்னையில் கள்ளச்சாராயமும் சுண்டக்கஞ்சியும் கிடைத்தன. வசதியுள்ளவர்களில் சிலர் பர்மிட் வைத்திருந்தார்கள். "தாத்தாவிடம் பர்மிட் இருந்ததா?" என்ற கேள்விக்குச் சில வீடுகளில் சிரிப்போடு உண்மை வெளிவரும். மாறாக, குடிக்காத அதே தாத்தா இரவெல்லாம் சீட்டாடி வீட்டை அடமானம் வைத்தவராக இருந்தால், அதையும் எழுத வேண்டும். சூதும் அடிமைப் பழக்கமே. பொடி, புகையிலை, தூக்க மாத்திரை, இன்று கைப்பேசியில் விளையாடும் பணச் சூதாட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இரண்டாம் நிறம்

இதுவரை நோயை ஒரு நிறத்தில் எழுதினோம். இப்போது மற்றொரு நிறத்தில், அந்த நோயைச் சுற்றி மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். விளக்கத்திற்காக நானே அமைத்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை செய்தவர், சம்பள நாளில் வீட்டுக்கு வராதவர். பாட்டி ஆலை வாசலில் போய் நின்று சம்பளத்தை வாங்கி வந்தவர். மகனும் அதே ஆலையில் சேர்ந்து, 1996இல் ஆலை மூடியபின் அன்றாடம் குடிக்கத் தொடங்கினார். அவர் மனைவி, கணவர் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு புதிய இடத்துக்கும் தொலைபேசியில் பேசி "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவந்தார். மூத்த மகள் பதினான்கு வயதில் தம்பிகளுக்குச் சமைத்துப் போட்டாள். இப்போது முப்பத்தைந்து வயதில் இரவு உறக்கமில்லாமல், அலுவலகத்தில் எல்லோருடைய வேலையையும் தானே செய்கிறாள். கடைசித் தம்பி கல்லூரியில் கஞ்சா பழகி, இருபத்தொன்றாம் வயதில் யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லத் தொடங்கினான்.

முதல் நிறத்தில் மட்டும் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் நோயாளிகள் மூவர். இரண்டாம் நிறத்தையும் பார்த்தால், பாட்டி, மருமகள், பேத்தி ஆகிய மூவரும் ஒரே வேலையை மூன்று தலைமுறையாகச் செய்துவருவது தெரிகிறது: குடியின் விளைவை வெளியே தெரியாமல் துடைத்துவைப்பது. அந்த வேலை குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது, அதில் ஐயமில்லை. அதுவே குடிப்பவர் தம் நிலையை உணரும் நாளையும் தள்ளிப்போட்டது. மூத்த மகள் தன்னை நோயாளி என்று எண்ணமாட்டாள், ஆனால் முதலில் சிகிச்சைக்குப் போக வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி. கடைசித் தம்பியின் சதுரம் வேறொன்றைச் சொல்கிறது: மனநோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்குக் கஞ்சா மனச்சிதைவைத் தூண்டும் ஆபத்து கூடுதல். ஆலை மூடியதும் தாளில் இருக்க வேண்டும். வேலையிழப்பு, வீடு காலி செய்தது, கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மாற்றப்பட்டது, பிள்ளை இறந்தது போன்றவற்றை ஓரத்தில் ஆண்டோடு குறித்தால், எந்த நிகழ்வுக்குப் பின் எது தொடங்கியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நலமாக வாழ்ந்தவர்களையும் இந்த நிறத்தில் எழுதுங்கள். அதே வீட்டில் பிறந்து குடிக்காத சித்தப்பா எப்படித் தப்பினார்? நிறுத்திய மாமா எதனால் நிறுத்தினார்? எந்த மாத்திரை யாருக்குக் கேட்டது? இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானது அல்ல. இருதுருவ நோயில் லித்தியம் ஒருவருக்கு நன்றாக வேலை செய்திருந்தால், அவருடைய இரத்த உறவினருக்கும் வேலை செய்யும் வாய்ப்பு உண்டு என்பதால், பழைய மருந்துச் சீட்டுகள் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: கொண்டுபோகும் இடம்

தாளை வைத்து நீங்களே யாருக்கும் நோயின் பெயர் சூட்ட வேண்டாம்; அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேலியாகவே கேட்டு வளர்ந்த நமக்கு, மேடவாக்கம் குளம் சாலையில் உள்ள அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய நிறுவனத்தின் தொடர்ச்சி என்பதும், அங்கே வெளிநோயாளியாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு மாலையே வீடு திரும்புபவர்கள் ஏராளம் என்பதும் தெரிவதில்லை. அங்கே போகத் தயக்கமாக இருந்தால், சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. மனச்சிதைவு நோய்க்கு, டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற சிகிச்சை, ஆய்வு நிறுவனம் அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. குடிக்கும் போதைக்கும், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது; குடிநோயால் கணவரை இழந்தவர் தொடங்கிய இடம் என்பதால் குடும்பத்தினருக்கான சிகிச்சையும் அங்கே தொடக்கத்திலிருந்தே முக்கிய இடம் பெற்றது. குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும், குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களும் கட்டணமின்றி நடக்கின்றன. குடிப்பவர் எங்கும் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போகலாம், போக வேண்டும்.

முதல் சந்திப்புக்குத் தாளின் நகல் ஒன்று, பழைய மருந்துச் சீட்டுகள், பழைய டிஸ்சார்ஜ் அறிக்கைகள் ஆகியவற்றோடு, "இப்போது எங்களை வருத்துவது இது" என்று மூன்று வரியில் எழுதிய ஒரு குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவருக்கு நேரம் குறைவு. மூன்று தலைமுறைக் கதையை வாயால் சொல்லத் தொடங்கினால் தாத்தாவின் சம்பள நாளிலேயே நேரம் முடிந்துவிடும். தாளை மேசையில் விரித்தால் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

மூன்று காரியங்களைச் செய்யவே கூடாது. அன்றாடம் அதிகமாகக் குடிப்பவரை அறையில் பூட்டி வீட்டிலேயே திடீரென நிறுத்த முயலக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன் பின் இரண்டு மூன்று நாட்களில் நினைவு குழம்பி நடுங்கும் ஆபத்தான நிலையும் வரலாம், அதில் உயிரே போகலாம். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரொட்டிகளிலும் கைப்பேசியிலும் விளம்பரம் செய்யப்படும் மருந்துகளைத் தொடக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் உடலுக்கு ஒவ்வாமல் போகும் டைசல்ஃபிரம் என்ற மருந்து அவற்றில் இருந்து, அறியாமல் அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மூன்றாவதாக, நள்ளிரவில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிச் செல்வதாகச் சொல்லும் மறுவாழ்வு இல்லங்களிடம் ஒப்படைக்கக் கூடாது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே சென்று பார்க்க அனுமதி கேளுங்கள். இரண்டில் ஒன்றை மறுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

"கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்ற யோசனையை மருத்துவமனை வாசலில் காத்திருக்கும்போதே யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அதன் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. நோயை மறைத்து நடத்திய திருமணங்களால் எந்த நோயும் தீரவில்லை. தாளில் இன்னொரு குடும்பம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஆறாம் படி: அடுத்த வரிசை

தாளின் கீழ் வரிசையில் உள்ள பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது? பத்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மூன்று செய்திகள் போதும்: அப்பாவுக்கு ஒரு நோய் இருக்கிறது, அது உன்னால் வந்ததல்ல, அதை நீ சரி செய்ய வேண்டியதில்லை. பதின்ம வயதினருக்குத் தாளையே காட்டலாம், அச்சுறுத்தாமல். பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்குபவர்கள், இருபத்தொரு வயதுக்குப் பின் தொடங்குபவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு குடிநோய்க்கு ஆளாகிறார்கள் என்று அமெரிக்காவில் 1997இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. "நம் குடும்பத்தில் இதற்குச் சாய்வு இருக்கிறது, மற்ற நண்பர்களுக்கு ஒத்துக்கொள்வது உனக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், தள்ளிப்போடுவது நல்லது" என்று சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். கஞ்சாவைப் பற்றி, மேலே சொன்ன காரணத்தால், இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உறக்கம் தலைகீழாவது, படிப்பில் திடீர்ச் சரிவு, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாத சந்தேகம் ஆகியவை பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் சேர்ந்து தோன்றினால், "வயசுக் கோளாறு" என்று காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள். மனச்சிதைவில் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னெட் உள்ளிட்டோர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரின் குடி உச்சத்தில் இருந்தபோதும் பண்டிகை, இரவு உணவு, விடுமுறை ஆகிய குடும்ப வழக்கங்களைச் சிதையவிடாமல் காத்த வீடுகளில், அடுத்த தலைமுறைக்குக் குடிநோய் தொடர்வது குறைவாக இருந்தது. நம் வீட்டுக்கு இதைப் பெயர்த்தால்: பொங்கலன்று அப்பா குடித்துவிட்டு வந்தாலும் பொங்கல் வைக்கப்பட வேண்டும், அவருக்காகப் பானை காத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போவதாக முடிவானால், அவர் எழவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரக் கூடாது. அடி விழும் வீட்டில் இந்த அறிவுரை செல்லாது. அங்கே முதலில் பாதுகாப்பு, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

தாளை யார் வைத்திருப்பது

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடாதீர்கள். வரன் பேசும் காலத்தில் இத்தகைய தாள் எந்தக் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. மேலும், அதில் உள்ள செய்திகளில் பாதி உங்களுடையவை அல்ல, உயிரோடு இருக்கும் மற்றவர்களுடையவை. தமக்கு உள்ள நோயை நம்பிச் சொன்னவரிடம், மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்று உறுதி சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். பெயருக்குப் பதிலாக "அ.மூ.அண்ணன்" (அப்பாவின் மூத்த அண்ணன்), "தா.மா.2" (இரண்டாம் தாய்மாமன்) போன்ற சுருக்கங்களை எழுதினால் தாள் தொலைந்தாலும் தீங்கு குறைவு. மருத்துவமனைக் கோப்பில் சேரும் நகலுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இரகசியக் காப்பை உரிமையாகத் தருகிறது. உங்கள் சிகிச்சை ஆவணங்களை நீங்கள் கேட்டுப் பெறவும் அதே சட்டம் வழிசெய்கிறது. நோய் உள்ளவர் நலமாக இருக்கும் நாளில், மீண்டும் நோய் முற்றினால் தமக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், யார் தம் சார்பில் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதித்தரவும் அதில் இடமுண்டு; அந்த எழுத்தையும் தாளோடு சேர்த்து வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, புதிய பிறப்பு, இறப்பு, நோய், நின்ற குடி ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து, குடும்பத்தில் இருவருக்கு மட்டும் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள். அவர்களுள் ஒருவர் உங்களைவிட இளையவராக இருக்கட்டும்.